பதினொரு பேர் போட வேண்டிய மொட்டை

பதினெட்டு வயதில் நான் யாருக்கும் அடங்காதவன், யாரையும் பின்பற்றாதவன். இதை நானாகச் சொல்லவில்லை. பிரதீப் சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்கள் உயர்தரக் கலைப்பிரிவு வகுப்பின் தலைமைப் புரட்சியாளன் அவன். "நாமெல்லாம் வேற மாதிரி மச்சான்" என்பான். மற்றப் பத்துப் பேரும் ஒரே குரலில் "வேற மாதிரி!" என்போம். வேறு மாதிரி என்பதற்கு அடையாளமாகப் பதினொரு பேரும் ஒரே கடையில் ஒரே கறுப்பு நிறக் கைப்பட்டி வாங்கிக் கட்டியிருந்தோம்.

எங்கள் புரட்சிக்கு எதிரி ஞானசேகரம் சேர். கண்டியில் எங்கள் பாடசாலையின் ஒழுக்கம் முழுவதும் அவருடைய சட்டைப்பைக் கத்தரிக்கோலில் இருந்தது. இரண்டு விரல்களுக்கு நடுவே முடி பிடிபட்டால் ஒரே வெட்டு. ஒரு வியாழக்கிழமை அந்தக் கத்தரிக்கோல் பிரதீப்பின் முன்முடியைத் தின்றுவிட்டது. மறுநாளே சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் அவசரக் கூட்டம்.

"முடிதானே அவருக்குப் பிரச்சினை? திங்கக்கிழமை பதினொரு பேரும் மொட்டையோட வருவோம். வெட்டச் சொல்லு பாப்போம்!"

எல்லாரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நான் ரெடி" என்று முதலில் சொன்னது நான்தான். (எனக்கு என் முடி உயிர். காலையில் சீப்பும் கையுமாக நான் நிற்பதால் வீட்டில் யாரும் கண்ணாடி பார்க்க முடியாது.) ஆனால், மாட்டேன் என்று சொல்லும் ஒரே ஆளாக நான் இருந்துவிடுவேனோ என்ற பயம் முடியைவிடப் பெரிதாக இருந்தது. மறுத்தால் இனி மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது?

ஞாயிறு காலை மஹய்யாவ சலூனில் உட்கார்ந்தேன். "வேண்டுதலா தம்பி?" என்றார் சலூன்காரர். "போராட்டம்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தலையை முடித்து, மீசை என்று நான் மட்டும் நம்பிக்கொண்டிருந்ததையும் சேர்த்து வழித்துவிட்டார்.

வீட்டில் அம்மா என்னைக் கண்டதும் கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டார்.

"அட பாவி! அப்பா உசுரோட இருக்கையில மொட்டையும் மீசையும் எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறியே! பாக்குறவங்க என்னடா நெனைப்பாங்க?"

பல்லேகலத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் அப்பா அப்போது லீவு போட்டு, சொந்தக்காரர் வீட்டுக் குடிபுகுதலுக்காக ஹட்டனுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார். அதுவரைக்கும் தண்டனையாக அம்மா என் போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த போனுக்குள் அன்று மாலை பிரதீப் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: "மச்சான்மாரே, பிளான் கேன்சல். அம்மா ஏசுறாங்க." அதற்குக் கீழே ஒன்பது கட்டைவிரல்கள். பூட்டிய அலுமாரிக்குள் புரட்சி முடிந்துவிட்டது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பாடசாலை வாசலில் என் பத்துத் தோழர்களும் நின்றிருந்தார்கள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைகளோடு. என்னைப் பார்த்து ஒருவனும் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை. பின்னால் ஞானசேகரம் சேர் வந்துகொண்டிருந்தார்.

அவர் என் மொட்டையைப் பார்த்தார். மேலுதட்டைப் பார்த்தார். கத்தரிக்கோல் பக்கம் போன கை திரும்பி வந்து என் தோளில் விழுந்தது.

"அப்பாவா?" என்றார், நான் கேட்டே இராத மெல்லிய குரலில்.

உண்மையைச் சொன்னால் போராட்டத் திட்டம் வெளியாகும், பத்துப் பேரும் மாட்டுவார்கள். நான் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். வாயைத் திறப்பதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கையில் பிரதீப் முந்திக்கொண்டான்.

"ஆமா சேர். சனிக்கிழம தவறிட்டாரு. நேத்தே அடக்கம்."

"அடுத்த நாளே ஸ்கூலுக்கு வந்துட்டியே, ராசா?"

"படிப்பு மட்டும் நிக்கக் கூடாதுங்கிறதுதான் சேர் அப்பாவோட கடைசி ஆசை" என்றான் பிரதீப். (பரீட்சையில் பந்திக்கு நாலு வரி எழுதத் தெரியாதவன்.)

நான் தலையைக் குனிந்தேன். துக்கத்துக்கு அது மிகப் பொருத்தமாக இருந்தது. காலைக் கூட்டத்தில் என் அப்பாவுக்காகப் பாடசாலையே எழுந்து மௌன அஞ்சலி செலுத்தியது. நானும் செலுத்தினேன். பெற்ற தகப்பனைக் கொன்றுவிட்டு அவருக்கே அஞ்சலியும் செலுத்துகிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் பக்கத்தில் நின்ற பிரதீப் என் கையை அழுத்தி "நீதாண்டா உண்மையான நண்பன்" என்றபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமை மூன்றாம் பாடவேளை வரைக்கும்தான் தாங்கியது. "நீ வீட்டுக்குப் போப்பா. ஸ்கூல் விட்டதும் நாங்க எல்லாரும் துக்கம் விசாரிக்க வர்றோம்" என்றார் சேர்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா வந்துவிட்டிருந்தார். சாரமும் பனியனுமாகக் கதிரையில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார்.

"யாருடா செத்தா?"

"யாருமில்லப்பா."

"நான் இருக்கேன்தானே?"

அதில்தான் சிக்கலே இருந்தது. "அப்பா, டவுனுக்குப் போவோமா? வாவியச் சுத்தி ஒரு நட நடந்துட்டு வருவோம்" என்றேன். ஏழெட்டு வருடங்களாக அவரோடு கடைக்குக்கூடப் போகாத மகன் இப்படிக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. இடத்தை விட்டு அசையவே இல்லை. உண்மையைச் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் "தண்ணி வேணுமாப்பா?" என்றுதான் வந்தது. மூன்று கோப்பை குடித்தார்.

இரண்டரை மணிக்கு எங்கள் சந்துப் படிகளில் வெள்ளைச் சட்டைகள் ஏறி வந்தன. முன்னால் ஞானசேகரம் சேர், கையில் சீனியும் தேயிலையும் பிஸ்கட் பெட்டிகளும். பின்னால் பத்துப் பேர். இருவர் வழிநெடுக துக்க வீட்டு வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டே வந்தார்கள். அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் டீவியை நிறுத்தினார். பிரதீப்பும் இன்னொருவனும் ஒரு பெரிய பேனரைப் பிடித்திருந்தார்கள். "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்பதற்குக் கீழே என் அப்பா, கறுப்புக் கண்ணாடியோடு, பல்லேகல கிரிக்கெட் மைதானத்தில் கொடி அசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் முகநூலில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே படம் அதுதான்.

சத்தம் கேட்டு அப்பா வாசலுக்கு வந்தார்.

சேரின் கையிலிருந்த சீனிப் பை விழுந்து உடைந்தது. அப்பா பேனரை மேலிருந்து கீழே வரைக்கும் ஆற அமர வாசித்தார். பிறகு, "வாங்க சேர், உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

எல்லாரும் உள்ளே வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. அம்மா, வந்த தேயிலையிலேயே பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"யாரு சொன்னது, நான் செத்துட்டேன்னு?"

பிரதீப் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். இருபது கண்கள் கெஞ்சின. நான் அப்போதும்கூடக் கைப்பட்டியைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்பா அந்தக் கண்களைப் பார்த்துவிட்டார்.

"சரி, அவனுங்க சொன்னானுங்க. நீ ஏன்டா இல்லன்னு சொல்லல?"

அப்பா கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ள விரும்புகிறவராகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் பாடசாலையே எழுந்து நின்றபோது வராத அழுகை. "அவனுங்க என்னச் சேத்துக்க மாட்டானுங்கன்னு பயந்துட்டேம்பா" என்றேன். பிறகு கைப்பட்டியிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் மொத்தத்தையும் கொட்டினேன்.

ஞானசேகரம் சேர் பிளேன்டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தார். "நல்ல யோசனைதான். பாதியில விடக் கூடாது" என்று பிரதீப்பிடம் சொல்லிவிட்டு, பத்துப் பேரையும் நேரே மஹய்யாவ சலூனுக்கு நடத்திப் போனார். சலூன்காரர் அன்று நேரத்தோடு கடையைச் சாத்தினாராம்.

பேனரை மட்டும் யாரும் எடுத்துப் போகவில்லை. அது நல்ல தடித்த பேனர். மழை வந்தால் அப்பா இன்றும் தன் மோட்டார் சைக்கிளை அதைக்கொண்டுதான் மூடுகிறார். புதிதாக வருகிறவர்கள் வாசலில் அனுதாபத்தைப் படித்துவிட்டுத் தயங்கி நிற்பார்கள். படத்திலிருந்தவரே வந்து கதவைத் திறப்பார்.

நான் இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அப்பாவுக்கு போன் எடுத்து, என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கனடாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள், நானும் போடலாமென்று பார்க்கிறேன் என்றேன்.

"போடு, போடு. அதுக்கு முந்தி அந்தக் கூட்டாளிமாருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

"என்னப்பா?"

"நான் இருக்கேனா, போயிட்டேனான்னு."