குளம்பு பிரிந்ததா, குழம்பு பிரிந்ததா?

வாசகப் பெருமக்களே, நீங்களே சாட்சி. நாளை எவரேனும் வந்து, "அப்படியொரு மனிதர் இருந்திருக்கவே முடியாது, இது மேடைப் பேச்சாளனின் மிகை" என்று என்மீது வழக்குத் தொடுத்தால், நீங்கள்தாம் கூண்டேறி எனக்காக உரைக்க வேண்டும். அந்த நம்பிக்கையில் என் வாதத்தைத் தொடங்குகிறேன். பல்லாவரம் முதல் சிங்கப்பெருமாள் கோவில் வரை ஆட்டிறைச்சி உண்ணும் மக்கள் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். அத்தனை பேரிலும், ஆட்டின் காலை நேரில் பார்க்காமல் ஆட்டின் தொடையைத் தொடமாட்டேன் என்று சொல்லக்கூடியவர் ஒருவரே. அவர் எங்கள் குளம்பு அண்ணன்.

குளம்பு. குழம்பு அன்று. ஆட்டின் பாத நுனியில் கெட்டியாக, இரண்டாகப் பிளந்து இருக்கிறதே, அது. இந்த வேறுபாட்டை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏனெனில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் ஆண்கள் விடுதி இருந்த தெருவில் அதை நாவிலும் செவியிலும் இருத்தியிருந்தவன் நான் ஒருவனே. பள்ளிப் பருவம் தொட்டுப் பேச்சுப் போட்டிகளில் என் ழகரத்துக்கென்றே தனியாகக் கைதட்டல் பெற்றவன் நான். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, வழக்குக்குத் தேவைப்படுகிறது.

அண்ணனுக்கு வேதாகமத்திலிருந்து எடுத்து வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அதை அவருடைய வங்கி அறியும், நாங்கள் அறியோம். ஒருமுறை கூரியர்காரர் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி ஒருவர் இந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று நாங்கள் உறுதி கூறி அனுப்பிவிட்டோம். அண்ணனும் பக்கத்தில் நின்று, "ஆமா, இல்லையே" என்றார்.

படப்பைப் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்குத் தரச்சோதனை அதிகாரி வேலை. இயந்திரத்திலிருந்து வந்து விழும் ஒவ்வோர் இரும்புத் துண்டையும் எடுத்து, அளந்து, திருப்பிப் பார்த்து, சரியானதற்குப் பச்சை ஸ்டிக்கரும், தவறானதற்குச் சிவப்பும், ஐயத்துக்குரியதற்கு மஞ்சளும் ஒட்டுவார். தொழில் அத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத நேர்ந்திராது. புத்தாண்டு ஆராதனையில், வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஓராண்டுக்குள் வாசித்து முடிப்பதாகப் பொருத்தனை செய்துகொண்டு வந்தார். நாளுக்கு இத்தனை அதிகாரம் என்று ஓர் அட்டவணை. படைப்பு முடிந்தது, வெள்ளம் வடிந்தது, கடல் பிளந்தது. பிப்ரவரியில் உணவுச் சட்டங்கள் வந்தன. எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று விலங்கு விலங்காக விளக்கும் அந்தப் பகுதிக்கு வந்ததும், வாசிப்பவர்கள் வழக்கமாகப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எங்கள் அண்ணன் வாயை மூடினார்.

"இதுதான் தம்பி ஸ்பெசிபிகேஷன்" என்றார் என்னிடம். முகத்தில் அப்படியோர் ஒளி. "நிலத்து மிருகம்னா குளம்பு ரெண்டாப் பிரிஞ்சிருக்கணும், அசை போடணும். தண்ணில இருக்கறதுன்னா துடுப்பும் செதிலும் இருக்கணும். இவ்வளவு தெளிவான டிராயிங் எங்க கம்பெனியிலகூட கிடையாது."

"ஆடு தேறிவிடுகிறதே அண்ணா, பிறகென்ன கவலை?" என்றேன்.

"ஆடுன்னு கடைக்காரர் சொல்றார். ஆடுதான்னு யார் செக் பண்ணாங்க?"

இந்த ஒரு வினாவோடு அவர் விடுதிக்குக் கீழேயிருந்த பிரியாணிக் கடைக்குப் போனார். நானும் உடன் சென்றேன்.

"அண்ணே, குளம்பு பிரிஞ்சிருக்கா?"

கடைக்காரர் கரண்டியை அப்படியே நிறுத்தினார். "இன்னா சார் சொல்ற? காலைல வெச்ச குழம்பு, அதுக்குள்ள எப்டி பிரியும்? மோந்து பாரு, கும்முனு கீது."

"நான் ஆட்டோட குளம்பைக் கேக்கறேன்."

"ஆட்டுக் குழம்புதான் சார் அது. பின்ன இன்னா, கத்திரிக்கா குழம்பா?"

இங்கே தமிழுக்கு நேர்ந்த இடையூற்றைக் களைவது என் கடமை என்று கருதி, நான் முன்வந்தேன். "ஐயா, அவர் சொல்வது ளகரம். நாவை மடித்து மேலண்ணத்தைத் தொட வேண்டும், இப்படி" என்று நாவை மடித்துக் காட்டினேன்.

"யாராண்ட நாக்க மடிக்கிற? வியாபார டைம்ல பேஜார் பண்ணிகினு!" என்று அவர் கரண்டியோடு வெளியே வந்தார். அன்றிரவு நாங்கள் இருவரும் தயிர் சாதம் உண்டோம்.

செயலி வழியாகத் தருவித்தால் சண்டை வராது என்று பிறகு முயன்றார். 'குளம்பின் புகைப்படம் தேவை' என்று குறிப்பு எழுதினார். ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டும் காலம் அல்லவா? ஆங்கிலத்தின் ஒற்றை எல், நம் ல, ள, ழ மூன்று எழுத்துகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. வந்த பொட்டலத்தில் பிரியாணியோடு ஒரு பெரிய பை நிறையக் குழம்பு இருந்தது. அதைக் கட்டியிருந்த நூலைச் சுற்றி அண்ணன் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்தார். அறைத்தோழர்கள் ஸ்டிக்கரை மட்டும் விட்டுவைத்தார்கள்.

மீன் கடையிலும் இதே கதை. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கி, கைப்பேசி விளக்கை அடித்து அவர் செதில் தேடியபோது, மீன்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "துடுப்பு கீதா, செதிலு கீதான்னு கேட்டுகினே கீறியே, மீனை வாங்கப் போறியா, அதுக்கு வேல போட்டுக் குடுக்கப் போறியா?"

அவரைப் பார்த்துச் சிரித்த எங்கள் விடுதிக்குச் சட்டமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை இறைச்சி தொடாத ஒருவர், நள்ளிரவு பன்னிரண்டு அடிப்பதற்காகப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். இன்னொருவர் வீட்டில் தூய சைவம். பல்லாவரம் மேம்பாலம் தாண்டினால்தான் கோழி. நான் சனிக்கிழமை விரதம். ஆனால் எங்கள் குடும்பச் சட்டத்தில் முட்டைக்கு விலக்கு உண்டு. "அந்த விலக்கு எந்தப் புத்தகத்துல, எந்தப் பக்கத்துல இருக்கு தம்பி?" என்று அண்ணன் அக்கறையோடு கேட்டபோது, உரித்த முட்டையை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

இதுவரை நகைச்சுவை. இனி வருவது அவருடைய வாழ்க்கை.

அண்ணனுக்குத் திருமண வயது வந்து, கடந்தும் போய்க்கொண்டிருந்தது. குரோம்பேட்டையில் பார்த்த முதல் சம்பந்தம், விருந்து நடுவே, "ஆட்டோட காலைப் பார்க்கலாமா?" என்று அவர் கேட்டதோடு முடிந்தது. பெண்ணின் மாமா, "ஆட்டோ அப்பவே போயிடுச்சே!" என்று வாசலுக்கு ஓடினார். உண்மை விளங்கியபின் வேறோர் ஆட்டோ வந்தது. எங்களை ஏற்றி அனுப்ப. இரண்டாவது வீட்டில் முயல் வறுவல். குளம்பே இல்லாத முயலுக்கு எதிராக அவர் ஆற்றிய உரை நீண்டது, சம்பந்தம் குறுகியது.

மூன்றாவதாக வந்தவர் ரூபி. நாவலூரில் கணினி அலுவலகம் ஒன்றில் பணி, வீடு சேலையூர். தந்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபை மூப்பரும்கூட. தாய் கோவளத்துக் கடற்கரைக் குடும்பம். தொலைபேசியில் பேசத் தொடங்கிய சில நாட்களிலேயே அண்ணன் உணவுச் சட்டங்களை எல்லாம் ரூபியிடம் விளக்கினாராம். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "நீங்க ஆபீஸ்லயும் இப்படித்தானா, இல்ல எனக்காக ஸ்பெஷலா?" என்று கேட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை மட்டும் அண்ணன் எந்தச் சோதனைக்கும் உட்படுத்தாமல் அப்படியே ஏற்றுக்கொண்டார். "இதுவும் போச்சுன்னா நான் இனிமே பொண்ணு பாக்கப் போறதில்ல தம்பி" என்றார் என்னிடம்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து மதிய விருந்துக்கு அழைத்தார்கள். இம்முறை முன்னேற்பாடு தேவை என்று நான் தீர்மானித்து, ரூபியின் தாயாருக்கு நானே தொலைபேசியில் பேசினேன். "அம்மா, அண்ணன் குளம்பு பிரிந்ததை மட்டுமே உண்பார், குளம்பு பிரியாததைத் தொடவே மாட்டார்" என்றேன். ஒவ்வோர் எழுத்தும் அதனதன் பிறப்பிடத்தில் பிறந்தது.

"இவ்வளவுதானே தம்பி? நல்லாப் பிரியப் பிரியவே வெச்சுடறேன்" என்றார் அவர்.

ஆட்டுக்கறி உறுதியாயிற்று என்று அண்ணனுக்கு வாக்களித்தேன்.

சேலையூர் வீட்டில் இலை போட்டார்கள். தாயார் சட்டியை இரு கைகளாலும் ஏந்தி வந்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். நண்டு. கோவளத்திலிருந்து அதிகாலையில் உயிரோடு வந்து இறங்கிய நண்டு. அதன்மேல் செக்கச்சிவந்த எண்ணெய், குழம்பிலிருந்து விலகி, ஓர் ஏரியைப்போலத் தனியே மிதந்தது.

"பாருங்க மாப்பிள்ளை, தம்பி சொன்ன மாதிரியே எப்படிப் பிரிஞ்சு நிக்குதுன்னு!" என்றார் தாயார், பெருமிதம் பொங்க.

அண்ணன் நண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் ளகரத்தில் குற்றமில்லை என்பதை இங்கே மீண்டும் பதிவு செய்கிறேன். ஆயினும் இக்கட்டு என்னவோ இலையில் வந்து அமர்ந்துவிட்டது. ஆகவே எழுந்தேன்.

"அவையோரே! நண்டின் கொடுக்கைக் காணுங்கள். அது இரண்டாகப் பிளந்திருக்கிறதா, இல்லையா? பிளந்திருக்கிறது! எனவே கொடுக்கைக் குளம்பாகக் கொள்வதில் என்ன தடை?"

அண்ணன் ஒரு கொடுக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பிளவு ஓகே. அசை போடுமா?"

"எப்பப் பாரு வாயில நுரை தள்ளிக்கிட்டு எதையோ மென்னுக்கிட்டே கிடக்கும்" என்றார் தாயார், நண்டோடு பிறந்து வளர்ந்த அதிகாரத்தோடு.

நான் வெற்றிப் புன்னகையோடு அமர்ந்தேன். அண்ணன் கொடுக்கை மெல்லக் கீழே வைத்தார். "இல்ல தம்பி. இது தண்ணி டிபார்ட்மெண்ட். துடுப்பு இல்ல, செதில் இல்ல. மன்னிச்சுக்குங்க அத்தை."

தாயாரின் முகம் வாடியது. மூப்பர் தொண்டையைச் செருமினார். "தம்பி, அந்தச் சட்டமெல்லாம் அப்புறம் மாறிடுச்சு. சீஷர் ஒருத்தர் மாடியில ஜெபம் பண்றப்போ தரிசனம் வருது. வானத்துலேர்ந்து ஒரு துப்பட்டி இறங்குது, அதுல எல்லா ஜீவனும் இருக்கு, சாப்பிடுன்னு சத்தம் வருது. படிச்சதில்லையா நீங்க?"

"சின்ன வயசுல கேட்டிருக்கேன் ஐயா. ஆனா இந்த வருஷ வாசிப்புல அது இன்னும் வரல. நவம்பர்லதான் வருது."

"வரலன்னா?"

"இப்போ சங்கீதம் ஓடிக்கிட்டிருக்கு. நடுவுல தாண்டிப் போய் பாஸ் போட்டா அது இன்ஸ்பெக்ஷன் ஆகாது ஐயா."

மூப்பர் என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தைப் பார்த்தேன். முப்பது ஆண்டு சபையில் வேதம் விளக்கிய மனிதர் இலையை மடக்கத் தொடங்கினார். "எனக்கே அட்டவணை சொல்றார். ரூபி, இது சரிப்பட்டு வராதும்மா."

அண்ணன், பிழையான பாகம் தானேதான் என்று முடிவு செய்துகொண்டவரைப்போலக் குனிந்து, வெறுஞ்சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்கப்பா. நான் ஒண்ணு கேக்கணும்" என்றார் ரூபி. அண்ணனுக்கு எதிரே அமர்ந்து, தன் இலையில் ஒரு முழு நண்டை எடுத்து வைத்துக்கொண்டார். "நீங்க சாப்பிட வேணாம், சரி. நான் நண்டு சாப்பிடுவேன். எறா சாப்பிடுவேன். கல்யாணத்துக்கு அப்புறமும் சாப்பிடுவேன். எனக்கு என்ன ஸ்டிக்கர் ஒட்டப் போறீங்க?"

அண்ணன் நிமிர்ந்தார்.

"என் லைன்ல வர்ற பார்ட்டைத்தான் நான் செக் பண்ண முடியும்ங்க. பக்கத்து லைன்ல கை வெச்சா சூப்பர்வைசர் திட்டுவார்." சொல்லிவிட்டு மேலே பார்த்தார். எந்த மேற்பார்வையாளர் என்பது மூப்பருக்கும் விளங்கியது; மடக்கிய இலையை அவர் மறுபடி விரித்தார்.

ரூபி சிரித்துவிட்டுக் கொடுக்கை உடைக்க முயன்றார். அது வழுக்கியது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அப்படி அழுத்தினா ஓடு உள்ள நொறுங்கிடும். குடுங்க" என்று வாங்கி, பாகத்தின் மூட்டு எங்கே என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து, ஒரே அழுத்தில் திறந்தார். உள்ளிருந்த சதை உடையாமல் முழுதாக வந்தது. அதை ரூபியின் இலையில் வைத்தார். அடுத்த கால்; அதற்கடுத்தது. ஒரு துணுக்கு ஓடுகூடக் கலக்காமல் வெண்மையாக அடுக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவி வந்து, ரசம் ஊற்றித் தன் சோற்றை உண்டார்.

"எங்க கோவளத்துலகூட யாரும் இப்படி உடைக்க மாட்டாங்க" என்று தாயார் மெதுவாகச் சொன்னார்.

"புத்தகம் டிசம்பர்ல முடிஞ்சுடும் இல்ல?" என்றார் ரூபி, வாய் நிறைய நண்டோடு. "அப்போ ஜனவரியில வெச்சுக்கலாம்பா."

மூப்பர் ரசத்தைக் குடித்தபடியே தலையசைத்தார்.

மேடை ஏறி நான் பெற்ற கோப்பைகள் விடுதி அலமாரி கொள்ளாமல் நிற்கின்றன. சொல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயினும் அன்று வாசலில் நான் கேட்டதைப்போல ஒரு வாக்கியத்தை இன்றுவரை என்னால் அமைக்க முடிந்ததில்லை. விடைபெற்று வந்து, வண்டியை உதைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தெருமுனை வரை போன அண்ணன் திடீரென்று திரும்பினார். அதே வாசலில் நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் கேட்க உரக்கச் சொன்னார்:

"ரூபி! நவம்பர்ல எனக்கு நண்டு பாஸ் ஆனாலும் சரி, ஆகலைன்னாலும் சரி, காலம் பூரா உங்களுக்கு உடைச்சுக் குடுக்கறது நான்தான்!"