இருநூற்றுப் பன்னிரண்டு நாள் அணையாத கம்ப்யூட்டர்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரஞ்சன் ஒரு சபதம் போட்டான்.

"இந்த ஸ்கேனர் ஓடுற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்!"

சபதம் போட்ட மூன்றாவது நிமிஷம் எழுந்துவிட்டான். யூஎஸ்பி ஒயர் சமையலறை டிராயரில் கிடந்தது. ஒயருக்காக எழுந்தது சேர்த்தி இல்லை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, எடுத்து வந்து மறுபடி உட்கார்ந்தான்.

அந்த ஸ்கேனர் கடையில் வாங்கியது இல்லை. சிங்கப்பூரில், செங்காங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, லிஃப்ட் பக்கத்தில், வீடு மாறிப் போகிற யாரோ வைத்துவிட்டுப் போனது. மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'இன்னும் வேலை செய்யும், எடுத்துக்கொள்ளலாம்.' இப்படி ஒரு தாளைக் கண்டால் ரஞ்சனுக்கு அப்புறம் கால் நகராது. அப்படியே சேர்ந்துதான் ஹால் மூலையில் இரண்டு மானிட்டர், மூன்று கீபோர்டு, தலையை ஆட்டாத ஒரு ஃபேன், காகிதத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தராத ஒரு பிரிண்டர் எல்லாம் குடியேறியிருந்தன. அவற்றுக்கு நடுவில் ராஜா மாதிரி, விண்டோஸை ஒதுக்கிவிட்டு லினக்ஸ் போட்ட அவனுடைய கம்ப்யூட்டர். ரஞ்சன் அந்த மூலையை 'லேப்' என்பான். அவன் மனைவி பாப்பாத்தி, வந்தவர்களிடம் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். துண்டு போட்டு மூடிவிடுவாள்.

ஆனால் இன்றைக்கு அவளுக்கே அந்த மூலையில் வேலை வந்துவிட்டது.

பாப்பாத்தி தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை படித்தவள். மழலையர் பள்ளி உதவி ஆசிரியை ஆவதற்கான பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். மகள் திவ்யதர்ஷினி பிறந்து, நடந்து, பேசி, எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்ட பிறகு இப்போதுதான் அதற்கு நேரம் வாய்த்தது. எல்லாத் தாளும் போய்ச் சேர்ந்துவிட்டது, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தவிர. இன்று நாலு மணிக்குள் அதை அனுப்பாவிட்டால் இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் ஆகாதா? ஆகாது. மார்க் ஷீட் வந்த அன்றைக்கே பாப்பாத்தியின் அப்பா அதைத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய், இருப்பதிலேயே கெட்டியான பிளாஸ்டிக்காகப் பார்த்து லேமினேஷன் போட்டுவிட்டார். மழையில் நனையாது, கரையான் அரிக்காது, மருமகன் காபியைக் கொட்டினாலும் துடைத்துக்கொள்ளலாம். படம் மட்டும் எடுக்க முடியாது. எடுத்தால் ஜன்னல் தெரிந்தது, ட்யூப்லைட் தெரிந்தது, ரஞ்சனின் ஏறிக்கொண்டே போகும் நெற்றி தெரிந்தது. மார்க் தெரியவில்லை. மூன்று தடவை அனுப்பி, மூன்று தடவையும் 'தெளிவாக இல்லை' என்று திரும்பி வந்தது.

"ஏனுங்க, தேக்கா மார்க்கெட்டுல நம்ம நெய்னா முகம்மது அண்ணன் ஜெராக்ஸ் கடைக்குப் போனா அஞ்சு நிமிஷத்துல ஸ்கேன் பண்ணிக் குடுத்துருவாருங்க. முருங்கைக்காயும் வாங்கீட்டு வந்துரலாம்."

ரஞ்சனுக்குச் சுருக்கென்றது.

"லினக்ஸ் வெச்சிருக்கிறவன் வீட்டுலேர்ந்து ஸ்கேனுக்குக் கடைக்குப் போறதா? ஆஃபீஸ்ல தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?"

"முருங்கைக்காய் வாங்கப் போனோம்னு நெனைப்பாங்க."

"பாப்பாத்தி, ஒரு மணி நேரம் குடு."

பாப்பாத்தி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள். மூலையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம் என்னுங்க, ரெண்டு மணி வரைக்கும் வெச்சுக்குங்க. ரெண்டுக்கு ஓடலீன்னா நான் தேக்காவுக்குக் கிளம்பிருவேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள இந்த மூலை காலியாயிருக்கோணும். மொத்தமும் கீழ போயிரோணும்."

"ஓடிருச்சுன்னா?"

"மூலை உங்களுது. அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்."

பாப்பாத்தி வாய் திறக்க மாட்டாள் என்பது இந்தக் கல்யாணத்தில் அதுவரை யாரும் பார்க்காத பரிசு. ரஞ்சன் உடனே ஒப்புக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு ஒயரைச் சொருகினான். ஸ்கேனரில் பச்சை விளக்கு எரிந்தது. "பாத்தியா!" என்றான். ஸ்கேன் செய்கிற புரோகிராமைத் திறந்தான். 'ஸ்கேனர் எதுவும் இல்லை' என்றது.

"இருக்குதே, கண்ணு முன்னாடி இருக்குதே!" என்று அதற்குக் காட்டினான். அது நம்பவில்லை.

பத்து மணிக்குக் கறுப்புத் திரையில் கமாண்டுகளை அடித்துக்கொண்டிருந்தான். பதினொரு மணிக்கு இணையத்தில் முகம் தெரியாத பத்துப் பேர் சண்டை போடும் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்குத் துள்ளினான்.

"கண்டுபிடிச்சுட்டேன்! ஸ்கேனர் இருக்கிறது கம்ப்யூட்டருக்கு நல்லாத் தெரியுது. ஆனா எனக்குத்தான் அதைத் தொட பெர்மிஷன் இல்ல."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாப்பாத்தி நிமிர்ந்தாள்.

"யாரு பெர்மிஷன் குடுக்கோணும்?"

"ஸ்கேனருக்குன்னு உள்ள ஒரு குரூப் இருக்கு. அதுல இருக்கிறவங்கதான் தொடலாம். நான் அதுல இல்ல."

"உங்க கம்ப்யூட்டரு, உங்க மேசை, நீங்க தூக்கீட்டு வந்த ஸ்கேனரு. உங்களையே குரூப்புல சேத்துக்கலீங்களா?"

"அது பாதுகாப்புக்கு!"

"நல்லதுதானுங்க. நான் வீட்டுச் சாவி தராம இருந்தா மட்டும் கோவம் வருது."

ரஞ்சன் கீபோர்டுக்குத் திரும்பினான். ஒரு கமாண்ட் அடித்துத் தன்னைத்தானே குரூப்பில் சேர்த்துக்கொண்டான். தானே மாலையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். புரோகிராமைத் திறந்தான்.

'ஸ்கேனர் எதுவும் இல்லை.'

ஒரு மணிக்கு, வேறு வழியில்லாமல் ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டான். ஸ்ரீநாத் தெம்பனிஸ் ஆஃபீஸில் ரஞ்சனுக்குப் பக்கத்து மேசை, சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், பேச்சுக்குப் பேச்சு அந்த ஊர் 'லா' போடுகிறவன். கை இரண்டும் கீபோர்டில் இருந்ததால் ரஞ்சன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"குரூப்ல சேர்ந்துட்டல்ல? அப்புறம் என்ன லா. லாக் அவுட் பண்ணிட்டு மறுபடி உள்ள வா. இல்லன்னா ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. நீ உள்ள வர்றப்பதான் அது லிஸ்ட் பார்க்கும். அதுவரைக்கும் நீ பழைய ரஞ்சன்தான்."

"ஆஃப் பண்றதா? ஸ்ரீநாத், அதெல்லாம் சாதாரண கம்ப்யூட்டருக்கு. இது லினக்ஸ். இன்னியோட இருநூத்திப் பன்னெண்டு நாள்…"

"ஐயோ, ஆரம்பிச்சிட்டான்."

"இருநூத்திப் பன்னெண்டு நாள் ஒரு செகண்ட் அணையல!"

"சரி, லாக் அவுட்டாவது பண்ணு லா."

"நாப்பத்தாறு பக்கம் தொறந்து வெச்சிருக்கேன். எல்லாம் போயிரும். வேற வழி சொல்லு."

"வேற வழி இல்ல லா," என்று ஸ்ரீநாத் வைத்துவிட்டான்.

இருநூற்றுப் பன்னிரண்டு நாள் என்பது விளையாட்டில்லை. ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டு வைத்துப் போட்ட கம்ப்யூட்டர். அதன் பிறகு தீபாவளி, பொங்கல், தைப்பூசம் எதற்கும் ஓய்வு கொடுக்கவில்லை. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் அந்த எண்ணிக்கையைத் திரையில் காட்டுவான். சுவர் ஸ்விட்சின் மேல் 'கை வைக்காதீர்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தான். அதற்குக் கீழே திவ்யதர்ஷினிக்காக ஒரு கை படமும், அதன் மேல் பெருக்கல் குறியும்.

ஒன்றரை ஆயிற்று. ரஞ்சனுக்கு வியர்த்தது. நான்கு தடவை ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். ஸ்கேனரைத் தட்டினான். தடவிக்கூடக் கொடுத்தான். மூலையில் மானிட்டர்களும் ஃபேனும் கடைசி முறையாக அவனைப் பார்ப்பது போல இருந்தது. அதைவிட இன்னொன்று உறுத்தியது. பாப்பாத்தி மார்க் ஷீட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையைக் கதவுப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். தேக்காவில் கூட்டமாக இருந்தால்? ரயில் தாமதமானால்? இரண்டு வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் இந்தப் படிப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். தன் ஒரு சபதத்தால் அது போய்விட்டால்? இரண்டு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. வாயைத் திறந்து 'கிளம்பு' என்று சொல்லலாம். அதற்குப் பதில் ஐந்தாவது தடவையாக ஒயரைப் பிடுங்கிச் சொருகினான்.

அந்த நேரம் பார்த்துப் பாப்பாத்தி மேசைக் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"என்ன இது?" என்றான் ரஞ்சன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாவாட்டோணுமுங்க. சமையக்கட்டு பிளக்குல ரைஸ் குக்கர் இருக்குது."

"சரி சரி."

டக்.

திரை கறுத்தது. ஃபேன் நின்றது. வீடே மூச்சை நிறுத்தியது போல ஆயிற்று.

"பாப்பாத்தீ!"

"என்னுங்க?"

"எந்த ஸ்விட்ச்ச அமுக்கின?"

"இதத்தானுங்க. ஐயோ, இதுவா உங்களுது? தாளு ஒட்டியிருந்தீங்க, அதுக்குக் கீழ ஸ்விட்ச்சே தெரியல."

ரஞ்சன் இரண்டு கையையும் தலையில் வைத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு நாள்! இன்னும் எண்பத்தெட்டு நாள் போயிருந்தால் முந்நூறு! கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் துக்கம் முந்திக்கொண்டது. திவ்யதர்ஷினி ஓடிவந்து அவன் முதுகைத் தட்டி, "அழாத அப்பா, வேற வாங்கலாம்," என்றாள்.

பாப்பாத்தி ஸ்விட்சைத் திரும்பப் போட்டாள். கம்ப்யூட்டர் முனகி எழுந்தது. பாஸ்வேர்டைத் துக்கத்தோடு அடித்து உள்ளே போனான். பழக்க தோஷத்தில் ஸ்கேன் புரோகிராமைத் திறந்தான்.

ஸ்கேனரின் பெயர் திரையில் இருந்தது. மாடல் நம்பரோடு.

ரஞ்சன் கையை நீட்டினான். "மார்க் ஷீட்! மார்க் ஷீட்டக் கொண்டா!"

மூடியைத் திறந்து, தாளைக் குப்புற வைத்து, மூடினான். ர்ர்ர் என்று உள்ளே ஒரு வெள்ளை விளக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தது. திரையில் மேலிருந்து கீழாக, அரசாங்க முத்திரை வந்தது, பாப்பாத்தி என்ற பெயர் வந்தது, மார்க் ஒவ்வொன்றாக வந்தது. ஜன்னல் இல்லை, ட்யூப்லைட் இல்லை, நெற்றி இல்லை.

ஒன்று ஐம்பத்தாறுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து இரண்டு பேரும் மெயில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றரைக்குப் பதில் வந்தது: எல்லா ஆவணங்களும் சரி, இடம் உறுதி.

பாப்பாத்தி பொத்தென்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ரஞ்சனுக்கு நெஞ்சிலிருந்து பத்து மூட்டை இறங்கியது போல இருந்தது. இறங்கிய இடத்தில் உடனே வீரம் ஏறிக்கொண்டது.

"பாத்தியா? பன்னெண்டு மணிக்கே நான் போட்ட கமாண்ட் சரிதான். அதுக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கணும். உள்ள ஊறணும்."

"ஆமாங்க. ஊறோணும்."

"அப்ப மூலை எனக்கு."

"வாக்குக் குடுத்தாச்சுங்க. உங்களுக்குத்தான்."

சாயங்காலம் ரஞ்சன் நல்ல மனசோடு, கிரைண்டரைக் கழுவியாவது கொடுக்கலாம் என்று போனான். மூடியைத் திறந்தான். உள்ளே மாவு இல்லை. ஈரம்கூட இல்லை. கல்லுக்கு நடுவில் திவ்யதர்ஷினியின் பொம்மை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சமையலறைக்குப் போய்ப் பார்த்தான். அரிசி டப்பாவில் இருந்தது, உளுந்து பாக்கெட்டில் இருந்தது. அந்த வீட்டில் மாவாட்டுவது ஞாயிற்றுக்கிழமை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பாப்பாத்தி, இன்னிக்கு அரிசியே ஊறப் போடலியே?"

"இல்லீங்களே."

"அப்ப எதுக்குக் கிரைண்டரு?"

"ஸ்ரீநாத் அண்ணன் சொன்னாங்களே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணோணும்னு. ஸ்பீக்கர்ல ஊருக்கே கேட்டுச்சே. அவங்க சொல்லி நீங்க கேக்கல. நான் சொன்னா நாலு மணி வரைக்கும் லினக்ஸப் பத்தி எனக்குப் பாடம் நடத்தியிருப்பீங்க. வெறுங்கையோட வந்து அமுக்கினா கண்டுபிடிச்சிருவீங்க. அதான் கனமா எதையாச்சும் தூக்கீட்டு வந்தேன்."

ரஞ்சன் நாற்காலியைத் தேடி உட்காரப் போனான். நாற்காலியில் பாப்பாத்தியின் புது நோட்டு, இரண்டு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில். மேசை துடைத்திருந்தது.

"இது என்ன?"

"மெயில நீங்க கடைசி வரைக்கும் படிக்கலீங்களா? வாரத்துல நாலு நாள் கிளாஸு, வீட்டுலேர்ந்தே கம்ப்யூட்டர்ல. தொந்தரவு இல்லாத இடமா இருக்கோணுமாம்."

"மூலை எனக்குன்னு சொன்னியே!"

"மூலை உங்களுதுதானுங்க. மானிட்டரு, ஃபேனு, பிரிண்டரு ஒண்ணையும் நான் தொடல. உக்கார்றதுதான் நான்."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

பாப்பாத்தி திவ்யதர்ஷினிக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "கீழ லிஃப்ட்டுகிட்ட யாரோ ஒரு நாற்காலி வெச்சிருக்காங்க. இன்னும் நல்லாருக்குன்னு தாளுகூட ஒட்டியிருக்குது."

ரஞ்சன் செருப்பைத் தேடினான்.