மூளை கொடுத்த லீவு

ஆப்பரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து எனக்கு ஒரு மகத்தான உண்மை தெரிந்தது. நான் சோம்பேறி இல்லை!

கல்யாணமான நாள் முதல் என்னைச் சோம்பேறி என்று சொன்ன அத்தனை பேர் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. ஒருவரையும் மன்னிக்கவில்லை. அதில் முதல் ஆள் என் மனைவியின் தம்பி.

குடலிறக்கத்துக்காக என் வயிற்றில் கத்தி வைத்தார்கள். தையல் ஆறிவிட்டது, அசதி போகவில்லை. பல் தேய்த்தாலே பாதி உயிர் போனது. "புண்ணுதான் ஆறிடுச்சே, இன்னும் என்ன படுக்கை?" என்று மனைவி மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கேதான் டாக்டர் அம்மா அந்தப் பொன்னான வார்த்தையைச் சொன்னார்.

"இது வெறும் உடம்பு அசதி இல்லைங்க. வெட்டுப்பட்ட இடத்திலேர்ந்து ரத்தம் வழியா, நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகும். 'இங்க ரிப்பேர் நடக்குது, ஆளை அசையவிடாதே'ன்னு. உடனே மூளை ஆசையைக் குறைச்சிடும். சின்ன வேலையும் மலையாத் தெரியும். சிலருக்குப் புண் ஆறினப்புறமும் மூளை இறங்கிவர நாளாகும்."

நான் அதிகம் படிக்காதவன், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்து பிழைப்பவன். ஆனாலும் பளிச்சென்று புரிந்துவிட்டது. மோட்டார் நல்ல மோட்டார். உள்ளே சுற்றிய காயில் கம்பி கருகவில்லை. மோட்டாரைக் காக்கிற ஓவர்லோடு ரிலேதான் கரண்டை நிறுத்தி வைத்திருக்கிறது! இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

மனைவி மட்டும் திரும்பி உள்ளே போய் டாக்டரிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள். இருந்த சந்தோஷத்தில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் அரசனைப்போல் சாய்ந்தேன்.

"கடையை எப்பத் திறப்பீங்க?"

"என்னை ஏன் கேக்குறே? மூளையைக் கேளு."

"உங்க மூளைதானே?"

"என்னோடதுதான். நான் சொன்னா கேக்குதா?"

"வீட்ல வேற யாரும் கேக்குறதில்ல. அதுவும் சேந்துகிச்சா?"

பேசட்டும். ஜூஸ் வந்தது, ரேடியோ வந்தது, காலுக்கு இன்னொரு தலையணையும் வந்தது. மாதக் கடைசிவரை அசைவதில்லை என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் காலையிலேயே மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, மோட்டார் ஓடலை. குழாயில சொட்டுத் தண்ணி இல்ல."

"எழுந்திருக்கணும்னுதான் இருக்கு. மூளை விட்டாத்தானே!"

"நீங்க படுங்க. தம்பி வந்துட்டான். கீழ கழட்டிக்கிட்டிருக்கான்."

"எதை?"

"உங்க மோட்டாரைத்தான்."

அவனும் மோட்டார் ரிப்பேர்க்காரன்தான். அப்படி அவனே சொல்லிக்கொள்கிறான். ஒருகாலத்தில் என் பைப் ரெஞ்சை இரவல் வாங்கிப்போய், அதன் பல்லை உடைத்துத் திருப்பிக் கொடுத்தவன். அப்போது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது அந்த மீசை நரைத்துவிட்டது. என் கோபம் நரைக்கவில்லை.

கீழே டங்கென்று ஒரு சத்தம்.

"என்னடி அது? சுத்தியலா?"

"நட்டு வரலையாம், தட்டி எடுக்கிறான். 'அத்தான் இதை இத்தனை வருஷமா தப்பா மாட்டி வச்சிருக்காரு'ன்னு சிரிக்கிறான்."

தப்பாவா! நானா!

மாடிப்படியை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் அவள் செருப்பு. போன வேகத்தில் அவன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கினேன்.

"டேய், தள்ளு! மோட்டார்மேல கை வச்சே, தொலைச்சிருவேன்!"

"உங்களுக்கு முடியலைன்னு அக்காதான் அத்தான்..."

"யாருக்குடா முடியல?"

கழற்றினேன். பேரிங்கைத் துடைத்தேன், கிரீஸ் வைத்தேன், நட்டுகளை முறையாக முடுக்கினேன். விசில்கூட அடித்தேன். அவன் ஓரமாக உட்கார்ந்து, வாத்தியார் முன்னால் மாணவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். பெருமையோடு சுவிட்சைப் போட்டேன்.

ஓடவில்லை.

மனைவி வந்து உள்ளங்கையை விரித்தாள். அதில் மோட்டாரின் ஃபியூஸ்.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்லைங்க. மூளை சரியானதை எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். 'ஏதாவது ஒண்ணுமேல ஆசை வந்தா, தானா எழுந்திருப்பார்'னாங்க. உங்களுக்கு ஏது ஆசை? இருக்கிறதெல்லாம் கோபம். அதைத் தட்டிவிட்டேன்."

"நான் கழட்டவே இல்ல அத்தான்," என்றான் தம்பிக்காரன். "சும்மா குழாயைத்தான் தட்டினேன். என்னால குனியவே முடியாது."

"ஏன்?"

"அவனுக்கும் குடலிறக்கம்," என்றாள் மனைவி. "நாளைக்கு ஆப்பரேஷன். ஒண்டிக்கட்டையை வேற யாரு பாத்துப்பா? நம்ம வீட்லதான் படுக்கப்போறான். அவன் கடையையும் சேத்து நீங்கதான் பாக்கணும். அதான் உங்களை எழுப்ப வேண்டியதாப் போச்சு."

நான் ஃபியூஸை வாங்கி மாட்டப் போனேன். அதற்குள் அவன் மெல்ல மாடியேறிப் போய், என் கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகச் சொன்னான்:

"நீளம் சரியா இருக்குக்கா!"