மாமியாரின் காது காட்டிய உயரம்

"உயரம் காட்டற முள் நின்னுபோனா என்ன சார்? எங்க மாமியார் காதை நம்பி விமானத்தை இறக்கிட்டேன்."

விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்தார். கேப்டனின் லைசென்ஸைப் பிடுங்க ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"காதா?"

"ரெண்டு காதும் சார்."

நடந்தது இதுதான். மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு குட்டி விமானத்தில் கிளம்பிய கேப்டன், ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, இனி அதுவே ஓட்டும் என்று கைகட்டி உட்கார்ந்தார். எருமை மந்தை போல மேகம் சூழ்ந்தது. உயரம் காட்டும் மீட்டருக்குக் காற்று போகும் துளையைப் பனி அடைத்தது. முள் ஆறாயிரம் அடியில் உறைந்துவிட்டது. காற்று அமுக்க அமுக்க விமானம் இறங்கியது. ஆட்டோபைலட்டோ புது மாப்பிள்ளை மாதிரி, முள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியது.

"இறங்குறோம் மாப்பிள்ளை. இடது காது அடைக்குது."

"மீட்டர் பொய் சொல்லாது அத்தை."

இருந்தாலும் ஒரு சந்தேகம். மீட்டரைத் தட்டினார், அசையவில்லை. ஏழாயிரத்துக்கு ஏறச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். முள் ஏறாததால் ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கியது, இன்னும் தூக்கியது. வேகம் செத்து விமானம் வெடவெடத்தது. ஆட்டோபைலட்டை அணைத்தார். மூக்கு குப்புறச் சாய்ந்தது. எப்படியோ நிமிர்த்தினார். ஆனால் எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று தெரியவில்லை.

மாமியார் வீடு மலை உச்சியில். தினமும் பஸ்ஸில் மலை ஏறி இறங்கி, எந்த வளைவில் எந்தக் காது அடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

"அத்தை, இப்ப எங்க இருக்கோம்?"

"தபாலாபீஸ் வளைவு."

கொஞ்சம் இறக்கினார்.

"பெட்ரோல் பங்க். இனிமே பாத்து. அடிவாரத்து பஸ் ஸ்டாண்ட் வந்தாச்சு."

மேகம் விலகியது. காலடியில் ஓடுபாதை.

கதையைக் கேட்ட அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்தப் புளுகையும் சோதித்துவிட்டே கையெழுத்துப் போடுகிறேன் என்று, மறுநாள் மாமியாரைத் தானே விமானத்தில் ஏற்றிப் போனார். மீட்டரை அவர் கண்ணில் படாதபடி அட்டையால் மறைத்துக்கொண்டார்.

திரும்பி இறங்கியபோது அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. மாமியார்தான் பேசினார்.

"மாப்பிள்ளை, இவரு மீட்டரைப் பழுது பாக்கச் சொல்லுங்க. தபாலாபீஸ் வளைவுப் பலகையில எழுதியிருக்கற உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலா காட்டுதாம்."

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். கூடுதலாகத்தான் காட்டியது.

அதிகாரி லைசென்ஸில் ஏதோ எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். கேப்டனுக்கு உயிர் வந்தது.

"நீங்க சொன்னதெல்லாம் நடந்ததுதான், ஒத்துக்கறேன்" என்றார் அதிகாரி. "பார்வை குறைஞ்சவங்களுக்குக் கண்ணாடி இல்லாம ஓட்டக்கூடாதுன்னு எழுதுவோமே, அந்த இடத்துல உங்களுக்கு மாமியார் இல்லாம ஓட்டக்கூடாதுன்னு எழுதியிருக்கேன்."