பாலத்துக் குடிகள்

நொச்சிநாட்டுக்கும் கொன்றைநாட்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. இரு நாடும் அந்த ஆற்றுக்கு வெவ்வேறு பெயர் வைத்திருந்தன. ஆற்றின் மேல் இருந்த மரப்பாலத்துக்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை.

நொச்சிநாட்டு மன்னர் திருமேனிராயர் நல்லவர்தான். கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதைத் தட்டமாட்டார். மூன்று ஆண்டு மழை பொய்த்து, மக்கள் அரைவயிற்றுக் கஞ்சிக்கு வந்தபோது, சபையில் அமைச்சர் காரியப்பர் கடைசியாகப் பேசினார்.

"மன்னா, கொள்ளுப்பாட்டன் கொன்றைநாட்டில் பிறந்திருந்தால், வாரிசுக்கும் அங்கே குடியுரிமை உண்டு என்கிறது அவர்கள் சட்டம். நம் மக்கள் இரு நாட்டுக்கும் குடிகளாகட்டும். சாப்பாடு அங்கே, விசுவாசம் இங்கே."

மன்னர் அன்றே ஆணையிட்டார். செங்கல் சூளைக்காரன் வீரணன் முதல் வாரமே பாலம் கடந்தான். ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவி பூங்காவனம் இரண்டு ஆடுகளை விற்றுவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு.

ஆடு விற்பதற்குள் பாதி நாடு காலியாகிவிட்டது. இந்த முறை தளபதி கடைசியாகப் பேசினார். கொன்றைநாட்டுக்கு விண்ணப்பம் கொடுத்தவர் அந்தக் கணமே நொச்சிநாட்டுக் குடி அல்லர் என்று இரண்டாம் ஆணை பிறந்தது. கூட்டத்தைக் கண்டு மிரண்ட கொன்றைநாடும், கொள்ளுப்பாட்டன் அங்கே பிறந்ததற்குச் சான்று வேண்டும் என்றது.

இரு நாட்டிலும் பிறப்பை எழுதிவைக்கும் வழக்கம் கிடையாது. பிறந்த அன்று ஊரில் என்ன நடந்ததோ, அதுதான் கணக்கு. பூங்காவனம் அந்தக் கணக்கைத்தான் பாலத்தின் மறுமுனையில் இருந்த அதிகாரியிடம் சொன்னாள்.

"உங்க ஊர்க் கோயில் குளத்துல செவலைப்பசு விழுந்துச்சே, அன்னைக்குத்தாங்க எங்க கொள்ளுப்பாட்டன் பொறந்தாரு."

அதிகாரி எழுதிக்கொண்டார். "பசு விழுந்ததற்குச் சாட்சி?"

"தூக்கிவிட்டவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்கய்யா."

"சரி, பசு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை.

விண்ணப்பம் பரிசீலனைக்குப் போனது. திரும்பி வந்தவளை நொச்சிநாட்டுக் காவலன் ஈட்டியால் மறித்தான். "நீ இப்போ வேத்து நாட்டுக்காரிம்மா. உள்ள விட்டா என் வேலை போயிரும்."

பாலத்தில் அவளைப் போல நானூறு பேர் இருந்தார்கள். பாலத்தின் மூன்றாவது பலகை முறிந்த அன்று அவளுக்கு அரும்பு பிறந்தாள். சந்தை நாள்தோறும் வீரணன் கொன்றைநாட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து நின்று கையாட்டுவான். வெளியே வந்தால் அவனையும் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அப்பா என்றால் தூரத்தில் கையாட்டுகிறவர் என்றுதான் அந்தக் குழந்தை நினைத்திருந்தது. எனக்கு இதை எழுதவே வேதனையாக இருக்கிறது.

நொச்சிநாட்டு வழக்கப்படி அந்த ஆண்டு நடந்த மன்னர் தேர்தலில் அவருக்கு எதிராக ஓர் ஓட்டும் விழவில்லை. எதிர்த்துப் போடக்கூடியவர்கள் பாலத்தில் இருந்தார்கள்.

ஆறாண்டுகள் கழிந்தன. காரியப்பர் என்றோ குடும்பத்தோடு படகேறிப் போய்விட்டார். சமைக்க ஆளில்லாத அரண்மனையிலிருந்து ஒரு நாள் காலையில் மன்னர் துணி மூட்டையோடு பாலத்துக்கு வந்தார். தம் கொள்ளுப்பாட்டன் கொன்றைநாட்டில், பட்டத்து யானைக்கு மதம் பிடித்த அன்று பிறந்தவர் என்று விண்ணப்பம் கொடுத்தார்.

"யானை?" என்றார் அதிகாரி.

மன்னர் திரும்பி நடந்தார். அவருடைய காவலன் ஈட்டியை நீட்டினான். முகம் வாடியிருந்தாலும் ஈட்டி அசையவில்லை. "மன்னிக்கணும் மகராசா. உங்க ஆணைதான்."

மன்னர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு பூங்காவனத்திடம் வந்து, "எவ்வளவு நாளாகும், அம்மா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. இவ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து இருக்கோம்."

அவள் பாயைச் சற்று இழுத்து இடம் கொடுத்தாள். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். அரும்பு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, இவரு எந்த நாடு?"

"நம்ம நாடுதான்டி," என்றாள் பூங்காவனம். "இன்னைக்குத்தான் வந்து சேந்திருக்காரு."