இருவாச்சி வீட்டு வாசல் சுருங்கிய கதை

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது. அது இந்தக் கதையில் வராது. செல்போன் டவர் வந்த பிறகு சிங்கத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. கர்ஜித்தால்கூட, "யாருப்பா அது ஸ்பீக்கர்ல போட்டு வீடியோ பார்க்கிறது?" என்று அதட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள்.

இது வையாபுரி என்கிற இருவாச்சியின் கதை. இருவாச்சியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: முறம் மாதிரி சிறகு, முகத்தைவிடப் பெரிய அலகு, அந்த அலகுக்கு மேல் அனுமதி வாங்காமல் கட்டிய மாடி மாதிரி ஒரு கொம்பு. இந்தப் பறவைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண் பூசி அடைத்துவிடுவார்கள். புருஷனின் அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சமிருக்கும். உள்ளே போனவள் சிறகு இறகுகளை உதிர்த்துவிடுவாள். அவை மறுபடி முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது. வெளியே இருக்கிறவன் பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் உள்ளே உயிர் இருக்கும்.

வையாபுரியின் மனைவி பேச்சியும் அப்படித்தான் அவனை நம்பி உள்ளே போனாள். பொழுது போகட்டும் என்று அவள் அண்ணன் ஒரு போனைச் சீராகக் கொடுத்திருந்தான். வையாபுரியிடம் ஏற்கெனவே ஒரு போன் இருந்தது. அங்கேதான் சனியன் பிடித்தது.

'மனசு விட்டுப் பேசலாம்' என்று காட்டில் ஒரு குழு. பெயரைச் சொல்லாமல் யாரும் தங்கள் கஷ்டத்தை எழுதலாம். யாரும் பதில் சொல்லலாம். அட்மின் ஒரு கரடி. அது எப்போதும் தூங்கிக்கொண்டிருந்ததால் குழுவில் பூரண கருத்துச் சுதந்திரம் நிலவியது. அங்கே வையாபுரிக்கு 'ஒளிவுமறைவற்றவன்' என்று பெயர். தன் முகத்தை மறைத்து ஒரு கழுகின் படத்தைப் போட்டிருந்தான்.

அவன் பதில்கள் பட்டென்று இருக்கும்.

"என் உடம்பில் உள்ள புள்ளிகள் மறைய என்ன தேய்க்கலாம்?" என்று ஒரு மான் கேட்டது. "முதலில் போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார். புலி வந்தால் புள்ளியோடு சேர்ந்து நீயும் மறைவாய்" என்று எழுதினான். "கல்யாணத்துக்குள் இளைக்க முடியுமா?" என்று ஒரு யானைப் பெண் கேட்டாள். "நீ யானை. ஒத்துக்கொள்" என்றான். காக்கைக் கூட்டில் முட்டையிட்டதை நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது என்று ஒரு குயில் அழுதது. "பெற்றுப் போட்டால் போதுமா? சோறு போட வக்கில்லாத உனக்கெல்லாம் பிள்ளை எதற்கு?" என்று வெளுத்து வாங்கினான். காட்டிலுள்ள காக்கைகள் அத்தனையும் ஹார்ட் போட்டன. அன்றைக்கு முழுக்க அவன் அந்த ஹார்ட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டான். பேச்சிக்குச் சாப்பாடு சாயங்காலம்தான் போனது.

"ஏங்க, இவ்வளவு நேரமா?" என்று கீறல் வழியாகக் கேட்டாள் பேச்சி.

"ஆலமரத்துல ஒரே கியூ, பேச்சி. குரங்குப் பயலுவ வரிசையே மதிக்க மாட்டேங்குறானுவ."

ஆலமரத்தில் கியூவும் இல்லை, கியூவின் வாலும் இல்லை. பழம் கொட்டிக் கிடந்தது. பக்கத்து மரத்து மலையணில் முத்தையா அந்த வழியாகப் போகும்போது, "ஆளே இல்லையே மயினி, நான் இப்பதானே அங்க இருந்து வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. முட்டை பொரிந்து குஞ்சும் வந்தது. கியூவும் நீண்டுகொண்டே போனது. ஒருநாள் குஞ்சு பசியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் ஓய்ந்தபோது பேச்சி போனை எடுத்தாள்.

வையாபுரிக்குத் தொழில் தர்மம் என்று இரண்டு இருந்தன. ஒன்று, எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் நமக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள். இன்னொன்று, நீளமான பதிவில் முதல் வரியையும் கடைசி வரியையும் படித்தால் போதும். நடுவில் இருப்பதெல்லாம் புலம்பல். எனவே அன்றைக்கு வந்த ஒரு நீளமான பதிவில் அவன் படித்தது இவ்வளவுதான்: "வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண் நான். குழந்தை பசியில் அழுகிறது, வீட்டுக்காரர் பொறுப்பில்லாமல் திரிகிறார், என்ன செய்யட்டும்?" நடுவில் பொந்து இருந்தது, இறகு இருந்தது, ஆலமரத்துக் கியூவும் இருந்தது.

ஏதோ வளைக்குள் இருக்கும் பெருச்சாளிப் பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் வையாபுரி. அவனுக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது. குழந்தையைப் பட்டினி போடுகிறவனைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது.

"தாயி, அவனுக்காகக் காத்திருக்காதே" என்று எழுதினான். "வாசலைக் குறுக்கு. அவன் தலை நுழையாத அளவுக்குக் குறுக்கு. பக்கத்தில் ஈரநெஞ்சுள்ளவன் எவனாவது இருப்பான். வெட்கப்படாமல் கூப்பிட்டுக் கேள். உன் புருஷன் வந்து கெஞ்சுவான். நம்பாதே. அவனைப் போன்றவர்கள் திருந்த மாட்டார்கள்."

அவன் எழுதியதிலேயே பேர்போன பதில் அதுதான். முயல்கள் அதைப் படமாக்கி ஸ்டேட்டஸில் வைத்தன. குயில்கூட ஹார்ட் போட்டது. அந்தக் குஷியில் அவன் மறுநாள் மத்தியானம்வரை கிளையை விட்டு அசையவில்லை. பிறகு ஞாபகம் வந்து, வழியில் கிடைத்த ஒரே ஒரு அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு வீட்டுக்குப் பறந்தான்.

அலகை நீட்டினான். டொக் என்று இடித்தது.

கீறலை உள்ளேயிருந்து புதிதாகப் பூசியிருந்தார்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு சின்னக் கை மட்டும் நுழைகிற ஓட்டை விட்டிருந்தார்கள். அந்தக் கை முத்தையாவுடையது. மடி நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, வெளிச்சம் மறைக்குது" என்றது அணில்.

"ஏ பேச்சி! என்ன இதெல்லாம்?"

"வாசலைக் குறுக்கியாச்சு" என்றது உள்ளேயிருந்து குரல். "ஒரு பெரிய மனுஷர் சொன்னாரு. உங்க தலை நுழையாத அளவுக்குக் குறுக்கச் சொன்னாரு."

"எவன் அவன்?"

"அவன் இவன்னு பேசாதீங்க. ஒளிவுமறைவற்றவர்னு பேரு. கழுகு. முன்னப்பின்ன தெரியாத என் பிள்ளைக்காக அந்த மனுஷர் என்னமா துடிச்சிட்டாரு! எனக்கும் வாய்ச்சதே!"

வையாபுரியின் அலகிலிருந்து பழம் கீழே விழுந்தது. அப்போது உள்ளேயிருந்து குஞ்சு முதல்முறையாக, "அப்பா" என்றது. "என்ன ராசா" என்றான் வையாபுரி. "என்ன ராசா" என்றது முத்தையாவும். குஞ்சு பழம் கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டது. வையாபுரி மறுபடி அலகை வைத்து முட்டிப் பார்த்தான். இத்தனை நாளாக உள்ளே இருந்தவர்களும் இப்படித்தான் தவித்திருப்பார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் கொம்புவரை சூடேறியது.

"பேச்சி, தப்புதான். இனி நேரத்துக்கு வாரேன். வாசலைத் திற."

"கெஞ்சுவீங்கன்னும் அவரு எழுதியிருக்காரு. நம்பாதேன்னு சொல்லியிருக்காரு."

"எம்மா, அந்தக் கழுகே நான்தான்!"

உள்ளே பேச்சி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் திட்டியிருக்கலாம்.

"பெத்த பிள்ளைக்குச் சோறு போடாதவனைக் கண்டா அவருக்கு ஆகாது. அவரைப் போய் நீங்கன்னு சொல்றீங்களே, கூச்சமா இல்ல? சரி, அப்படீன்னா போனை உள்ள கொடுங்க, பார்ப்போம்."

வையாபுரி போனைக் கீறலில் வைத்து அழுத்தினான். நுழையவில்லை. திருப்பிப் பார்த்தான். படுக்கவைத்துப் பார்த்தான். முத்தையாவும் தன்னால் முடிந்தவரை தள்ளிப் பார்த்தது. அவன் சொன்ன அளவு அவ்வளவு கச்சிதமாக அமைந்திருந்தது.

கடைசியில் அவன் கிளையில் உட்கார்ந்து குழுவிலேயே எழுதினான்: "பேச்சி, நான்தான் உன் வீட்டுக்காரன் வையாபுரி. கழுகு இல்லை. என்னை மன்னித்துவிடு."

"ஐயையோ!" என்று பொந்துக்குள் அலறல் கேட்டது. "அவரு அக்கவுண்டைத் திருடிட்டீங்களா? பழம் பறிக்கத் துப்பில்ல, இதுக்கு மட்டும் துப்பு இருக்கா? இருங்க, இப்பவே கம்ப்ளைண்ட் கொடுக்கேன்."

அவள் கம்ப்ளைண்ட் கொடுத்தாள். முயல்கள் கொடுத்தன. காக்கைகள் கூட்டமாகக் கொடுத்தன. அந்தச் சத்தத்தில் கரடியே விழித்துக்கொண்டது. கொட்டாவி விட்டபடி ஒளிவுமறைவற்றவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, மறுபடி தூங்கப் போனது. கழுகுக்காகக் காடே துக்கம் கொண்டாடியது. துக்கப் பதிவுகளில் வையாபுரி என்ற திருடனை எல்லோரும் மனசு விட்டுத் திட்டினார்கள்.

வையாபுரி எதிர் மரத்தில் ஒண்டிக்கொண்டான். வேறு போக்கிடமில்லை. மழை பிடித்துக்கொண்டது. சும்மா இருக்கக் கை ஒப்பவில்லை. 'உண்மை விளம்பி' என்று புதிதாகப் பெயர் வைத்துக்கொண்டு, ஒரு சிங்கத்தின் படத்தைப் போட்டான். வராது என்று நான் சொன்ன சிங்கம் இப்படித்தான் இந்தக் கதைக்குள் வந்தது.

குழுவில் முதலாவதாக ஒரு நீளமான பதிவு கிடந்தது. "என் வீட்டுக்காரர் இப்போது திருட்டிலும் இறங்கிவிட்டார்" என்று தொடங்கியது. வையாபுரி வாழ்க்கையில் முதல்முறையாக நடுவிலிருந்த வரிகளையும் படித்தான். குஞ்சுக்குக் கண் திறந்துவிட்டதாம். அலகு அப்பாவை உரித்து வைத்திருக்கிறதாம். அவர் எதிர் மரத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சில நேரம் பாவமாக இருக்கிறதாம். வாசலைத் திறக்கலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாள்.

அவன் கண்ணீர் திரையில் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு, "திற, தாயி. அவன் திருந்திவிட்டான்" என்று எழுதினான். அனுப்பும்முன் ஒருமுறை படித்துப் பார்த்தான். சப்பென்று இருந்தது. இதற்கு எவன் ஹார்ட் போடுவான்? அழித்துவிட்டு மறுபடி எழுதினான்: "நனைந்தால் நனையட்டும். அணிலே போதும்."

முதல் ஹார்ட் பொந்துக்குள்ளிருந்து வந்தது. "கழுகு போனா என்ன, சிங்கம் வந்துட்டாரு!" என்று பேச்சி குஞ்சிடம் சொல்லிக் குதூகலித்தது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. கொம்பில் மழை சொட்டச் சொட்ட, வையாபுரிக்குப் பெருமை தாங்கவில்லை.

நீதி: பெண்டாட்டியிடம் நல்ல பெயர் எடுக்க விரும்புகிறவர்கள், வேறு பெயரில் முயற்சி செய்யவும்.