தூணுக்குக் காது கொடுத்தவர்

அதுவரை மனிதர்களுக்குத்தான் நோய் வந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு தூண்களுக்கும் வர ஆரம்பித்தது.

கண்டுபிடித்தவர் செவியார். இயற்பெயர் யாருக்கும் தெரியாது. கேட்பது மரியாதையும் இல்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தூணில் பொருத்துவார். அதன் அடியில் காதை வைப்பார். கண்ணை மூடுவார். தூண் பேசும், அதுவும் அவரிடம் மட்டும். இத்தனை காலம் கட்டடத்தையே சுமந்துகொண்டு வாய் திறக்காமல் நின்ற தூண்கள், இவரைக் கண்டதும் புகுந்த வீட்டுப் பெண் தாயைக் கண்டதுபோலப் புலம்பித் தள்ளின. ஒன்றுக்கு மனக்கசப்பு. ஒன்றுக்கு மூச்சுத்திணறல். ஒன்று பக்கத்துத் தூணோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

ஊரே வரிசையில் நின்றது. வியாபாரம் படுத்த கடைக்காரர் வந்தார். கல்லாவுக்குப் பின்னால் நின்ற தூண்தான் காரணம் என்று தெரிந்து நிம்மதியாகப் போனார். பிள்ளைகள் கணக்கில் தோற்கிறார்கள் என்று பள்ளி நடத்துபவர் வந்தார். அங்கேயும் தூண்தான். (கணக்கு வாத்தியார் அந்தத் தூணில் சாய்ந்துதான் தூங்குவார். அதை யாரும் விசாரிக்கவில்லை.) ஒரு காது வைக்க ஒரு கட்டணம், இரண்டு காதும் வைக்க வேறு கட்டணம். தூணை யாரும் விரலால் தட்டிப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி. தட்டினால் அதற்கு வலிக்குமாம்.

நோய் முற்றினால் தூணையே எடுத்துவிட வேண்டும். எடுக்கிற இயந்திரம் செவியாரின் மச்சானிடம் இருந்தது. மச்சான் பிழைக்கட்டும் என்றே சில நோய்கள் பிறக்கின்றன. அதுவரை அவர்கள் எடுத்ததெல்லாம் வாசல் வளைவிலும் மதில் ஓரத்திலும் அழகுக்கு நின்ற தூண்கள். அதனால் எதுவும் விழவில்லை. விழாததே அற்புதம் என்று ஊர் பேசிக்கொண்டது.

இந்த அற்புதம் அந்த நாலு மாடிக் குடியிருப்புக்குள் நுழைந்ததற்குக் காரணம் ஒரு கார். குடியிருப்புச் சங்கத் தலைவர் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். கப்பலுக்குத் தம்பி என்று சொல்லலாம். தரைக்குக் கீழே இருந்த பார்க்கிங்கில் அதைத் திருப்ப முடியவில்லை. நடுவில் ஒரு தூண். முதல் மாடியில் குடியிருந்த பெண் கட்டடங்களின் தாங்குதிறனைக் கணக்கிடும் இன்ஜினியர் என்பதால், முதலில் அவளிடம்தான் போனார்.

“இந்தத் தூணைக் கொஞ்சம் நகர்த்தலாமாம்மா?”

“எவ்வளவு சார்?”

“வண்டி திரும்பற அளவுக்கு.”

“அது மேல நாலு மாடி உட்கார்ந்திருக்கு சார். தூண் போனா மாடியும் கூடவே வரும். கீழ்நோக்கி.”

“சரி, ஒல்லியாக்கலாமே. சுத்திலும் லேசா செதுக்கி...”

“உங்க முழங்கால செதுக்கிட்டு ஒரு நடை நடந்து காட்டுங்க. அப்புறம் இதையும் செதுக்கிடலாம்.”

படித்த பெண்ணுக்கு வாய் அதிகம் என்று தலைவர் முடிவு கட்டினார். மறுநாள் செவியார் வந்தார். டம்ளரை வைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இது செத்து ரொம்ப நாளாச்சு. பிணத்தை நட்டநடுவுல நிறுத்தி வெச்சுக்கிட்டா குடித்தனம் பண்றீங்க?”

அவ்வளவுதான். இரண்டாம் மாடிக்காரர் வேலை போனதற்குக் காரணம் கிடைத்தது. நாலாம் மாடிக்காரர் முடி போனதற்குக் காரணம் கிடைத்தது. கூட்டம் போட்டார்கள், கை தூக்கினார்கள். தூணை எடுப்பதென்று தீர்மானம். ஒரே ஒரு கை மட்டும் தூக்காமல் கிடந்தது. அது இன்ஜினியருடையது. அந்தத் தூணின் நேர்கோட்டில், முதல் மாடி அறையில்தான் அவளுடைய சின்னப் பெண் தூங்குகிறாள்.

அவள் கட்டட அனுமதி அலுவலகத்துக்கு ஓடினாள்.

“மனு குடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் ஆள் வருவாங்க,” என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர்.

“அடுத்த வாரம் கட்டடம் இருக்காது சார்.”

“அப்படின்னா அது இடிபாட்டுப் பிரிவு. பக்கத்து ஜன்னல்ல கேளுங்க.”

வீட்டுக்கு வந்தால் அங்கே மாமியார் ஒரு தனி ஜன்னல்.

“ஏம்மா, அத்தனை பேரும் ஒண்ணா சொன்னா தப்பா இருக்குமா?”

“அத்தனை பேரும் பேசறாங்க அத்தை. தூண் சொல்றதை யாரும் கேக்கலையே.”

“அதைத்தானே அவர் காது வெச்சுக் கேக்கறாரு?”

அத்தை விடவில்லை.

“பிணம் போனா என் இடுப்புவலியும் போயிடும்னு சொல்லியிருக்கார்.”

“போகும் அத்தை. இடுப்போட போகும்.”

காலையில் மச்சானின் இயந்திரம் வந்து பார்க்கிங்கில் நின்றது. தரைத்தளத்து முகப்புக் கூடத்தில் எல்லோரும் திரண்டிருந்தார்கள். எடையையும் உத்தரத்தையும் பற்றி இவர்களிடம் கத்திப் பயனில்லை என்பது அவளுக்கு இரவே புரிந்திருந்தது. செவியார் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஐயா, ஒரு சந்தேகம். இந்தக் கூடத்துல நாலு தூண் இருக்கு. அதுல ஒண்ணு துளி எடையும் தாங்கல. எதுன்னு நீங்க கேட்டுச் சொல்லிட்டா, நான் வாயே திறக்கல. வேலையை ஆரம்பிச்சுடுங்க.”

“சொல்லலேன்னா?” என்றார் தலைவர்.

“மெஷின் வந்த வழியே போகணும்.”

கூட்டத்துக்குப் பரம திருப்தி. இலவசமாக நாலு தூண் பார்க்கக் கிடைப்பது லேசா?

செவியார் முதல் தூணில் டம்ளரை வைத்தார். “பெருமூச்சு விடுது. ஆனா தாங்குது.” இரண்டாவது தூண். “அடேயப்பா. காளை மாதிரி நிக்குது. நூறு வருஷம் தாங்கும்.” மூன்றாவதில் காதை வைத்தவர் உதட்டைப் பிதுக்கினார். “ஒண்ணுமில்ல. வெட்டியா நிக்குது. நீ கேட்டது இதுதாம்மா.”

“நாலாவதையும் ஒரு தடவை கேட்டுடுங்க ஐயா,” என்றாள் அவள், மிகப் பணிவாக.

நாலாவது தூணில் காதை வைத்ததும் செவியாரின் உடம்பு சிலிர்த்தது. பொய்யில்லை, நிஜமாகவே சிலிர்த்தது. இத்தனை வருடத் தொழிலில் முதல்முறையாக அவர் காதில் ஏதோ விழுந்திருந்தது.

“உயிர் ஓடுது,” என்றார். “மேலேர்ந்து கீழே ஓடுது. இந்தக் கட்டடத்துக்கே ஆதாரம் இதுதான். இது இல்லேன்னா நீங்க யாரும் இல்ல.”

கூட்டம் நெருக்கியடித்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தலைவர் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டார். அவருக்கும் கேட்டதாம். அத்தை இடுப்பையே கொண்டுபோய்ச் சாய்த்தாள்.

“அத்தை, கொஞ்சம் நகருங்க,” என்றாள் மருமகள். அவள் கையில் சமையலறைக் கத்தி இருந்தது.

“தூணைத் தொடாதே, வலிக்கும்,” என்றார் செவியார்.

கத்தி இறங்கியது. கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது. ஒரு சதுரம் அறுத்துப் பெயர்த்தாள். கான்கிரீட் இல்லை, கம்பி இல்லை. சுண்ணாம்பு அட்டைக்கு மேல் வண்ணம் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான். உள்ளே ஒரு பருத்த குழாய். மூன்று தூண் நின்றால் கூடம் ஒருபக்கமாக இருக்கிறதே என்று, குழாயை மறைத்த பெட்டியையே நாலாவது தூணாக அழகுக்கு நிறுத்தியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேலே யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். உயிர் ஓடியது. மூன்றாம் மாடியில், தலைவர் வீட்டுக் கழிவறையில் புறப்பட்டு, எல்லோர் காதிலும் விழும்படி கடகடவென்று இறங்கிப் போனது.

தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கீழே வாங்க,” என்று அவள் பார்க்கிங்குக்கு அழைத்துப் போனாள். “மேல பார்த்த முதல் தூண் இதோ இங்க இறங்குது. மூணாவது அதோ. வெட்டியா நிக்குதுன்னாரே, அதுதான். நாலாவதுக்கு அடியில பாருங்க, வெறும் குழாய். எடையைத் தாங்கற தூண் தரைவரைக்கும் வந்துதானே ஆகணும்? பாதியில அந்தரத்துல நிக்குமா?”

“ரெண்டாவது?” என்று கேட்டார் முடி போனவர்.

அவள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற தூணைத் தொட்டுக் காட்டினாள். “இதுதான். மேல காளை, கீழ பிணம். இடுப்புக்கு மேல மட்டும் உயிரோட இருக்கற பிணத்தை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா ஐயா?”

செவியார் காதைக் குடைந்தார். “ரெண்டு நாளா சளி,” என்றார். “காது அடைச்சிருக்கு.”

மச்சான் அதற்குள் இயந்திரத்தின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தான். தொழில் தெரிந்தவன்.

அத்தை தலைவருக்கு எதிரே போய் நின்றாள். “என் பேத்தி தூங்கற எடத்துக்கு நேர் கீழேயாய்யா மெஷினை நிறுத்தினே?”

“நீங்களும்தானேம்மா கை தூக்குனீங்க?”

“தூக்குனேன். நான் முட்டாள். காரைத் திருப்பறதுக்காகக் கட்டடத்தைச் சாய்க்கப் பார்த்த உன்னை என்னன்னு சொல்றது?” பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு என்னை எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. டம்ளர் வெச்சிருக்கற ஆளா இருந்தா வேண்டாம்.”

தலைவர் இன்ஜினியரிடம் மெதுவாகக் கேட்டார். “அப்போ என் வண்டிக்கு என்னம்மா வழி?”

“சின்னதா ஒண்ணு வாங்குங்க சார். அதுக்குக் கணக்கு நான் இலவசமாவே போட்டுத் தரேன்.”

தூண் நின்றது. சின்னப் பெண் அன்று மத்தியானம் வழக்கம்போல் அதன் மேலே தூங்கினாள். செவியார் மட்டும் ஓய்ந்துவிடவில்லை. வேறோர் ஊரில் இப்போது படிக்கட்டுகளுக்கு நாடி பார்ப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை நிற்கிறதாம். “குழாயா இருந்தா என்ன, உயிர் ஓடுதுன்னு சொன்னாரு, ஓடிச்சா இல்லையா?” என்று கேட்பவர்கள் இந்தக் குடியிருப்பிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் தினமும் அந்தக் குழாய்க்கு அடியில்தான் வண்டி நிறுத்தினார்கள். ஒருநாள் தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் போதும். இன்ஜினியர் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ஐயா, அம்மா, உங்கள் கழுத்துக்கு மேல் இருப்பதை யாரும் அழகுக்காக நிறுத்தி வைக்கவில்லை. அவ்வப்போது கொஞ்சம் எடையை அதன்மீதும் ஏற்றிப் பாருங்கள். தாங்கும்.